1952ஆம் வருஷத்து அயோவா பண்ணை வீட்டு டைரி: புரிந்தவர்கள் விளக்கவும்

#1 சோளக்காட்டான் (ஏமஸ், அயோவா)

எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை ஏமஸுக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டில் ஏலம். வீட்டில் யாரும் இல்லை, பேரப்பிள்ளைகள் எல்லோரும் வெளி மாநிலத்தில். இங்கே பண்ட பாத்திரங்களை அட்டைப் பெட்டியில் கலந்துகட்டிப் போட்டு, பெட்டிக்கு இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். தோசைக்கல் மாதிரி ஒன்று கண்ணில் பட்டதால் 5 டாலருக்கு ஒரு பெட்டி எடுத்தேன். கல்லில் விரிசல், அது போகட்டும். அடியில் கைக்கடக்கமான ஒரு டைரி கிடந்தது. ஏதோ விதைக் கம்பெனி இனாமாகக் கொடுத்தது. 1952. முழுக்கப் பென்சில் எழுத்து. எழுதியவர் அந்த வீட்டு அம்மா. பெயர் இங்கே வேண்டாம்.

நாளுக்கு ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. மனத்தாங்கல், சந்தோஷம் எதுவும் கிடையாது. வானிலை, வேலை, கணக்கு, அவ்வளவுதான். கீழே வைக்க முடியவில்லை. ஆனால் பாதி விளங்கவும் இல்லை. சில வரிகளைத் தமிழில் போடுகிறேன்:

ஜன. 14, திங்கள்: துணி. எல்லாம் விறைத்துவிட்டது. பூஜ்யத்துக்கு 6 கீழே.
ஜன. 15, செவ்வாய்: இஸ்திரி. ரேடியோ.
மார்ச் 8, சனி: டவுன். முட்டை 60 டஜன், 21.00. க்ரீம் 1 கேன், 6.20. மளிகை 13.60.
மே 6, செவ்வாய்: லாக்கர் போனோம். பாதி காலி.
ஜூலை 23, புதன்: டின்னர் 11 பேர். லஞ்ச் இரண்டு தடவை. சப்பர் 6 பேர்.
ஆக. 10, ஞாயிறு: நீச்சல் கிடையாது. கண்காட்சியும் கிடையாது. ஒரே அழுகை.
அக். 4, சனி: தீவனம். அவர் மறுபடியும் தப்பான பூ எடுத்து வந்துவிட்டார்.

டின்னருக்குப் பிறகு லஞ்ச் எப்படி வரும்? தீவனக் கடையில் என்ன பூ? லாக்கரில் நகை வைக்கிற அளவுக்கு வசதியானவர்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 மிசிசிப்பிக்கரை (டேவன்போர்ட்)

லாக்கர் பாதி காலி என்றால் மருமகளைத்தான் விசாரிக்க வேண்டும்.

#3 கரண்டிக்காரி (சீடர் ஃபால்ஸ்)

அண்ணா, இந்த இழை எனக்காகவே திறந்தது போல இருக்கிறது. என் மாமியார் 1941இல் அயோவாப் பண்ணையில் பிறந்தவர். இப்போது 84. தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார், பன்னிரண்டு வருஷமாக எனக்கு வாய் வரவில்லை, 'அம்மா' என்றே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நேற்று உங்கள் வரிகளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'தப்பான பூ' வந்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

லாக்கர் என்றால் நகை லாக்கர் இல்லை, இறைச்சி லாக்கர். அப்போது பண்ணை வீடுகளில் பெரிய ஃப்ரீசர் அரிது. டவுனில் குளிர்பதனக் கிடங்கு ஒன்று இருக்கும். அதில் வீட்டுக்கு ஒரு இழுப்பறையை வருஷ வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் மாடோ பன்றியோ வெட்டினால் துண்டு போட்டு, காகிதத்தில் சுற்றி, பேர் எழுதி அங்கே வைத்துவிட்டு, டவுனுக்குப் போகும்போதெல்லாம் வாரத்துக்கு வேண்டியதை எடுத்து வருவார்கள். சாவி அப்பாவின் கொத்தில் தொங்கும். உள்ளே போனால் மூக்கு ஒட்டிக்கொள்ளுமாம், ஆனாலும் ஆகஸ்ட் மாதத்தில் நானும் வருகிறேன் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்களாம். மே மாதத்தில் பாதி காலி என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். அடுத்து வெட்டுவது குளிர் வந்த பிறகுதானே.

டின்னர் மத்தியானச் சாப்பாடு. நாளின் பெரிய சாப்பாடு அதுதான். சப்பர் ராத்திரிக்கு. லஞ்ச் என்பது காலை ஒன்பதரைக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் வயலுக்கே எடுத்துப் போகிற சிற்றுண்டி: சாண்ட்விச், கேக் துண்டு, ஜாடியில் காபி. இன்றைக்கும் இங்கே கிழவர்கள் 'டின்னருக்கு வா' என்றால் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்க வேண்டும். கல்யாணமான புதிதில் நான் ஆறரைக்குப் போய் அவமானப்பட்டேன்.

பூ: கோழித் தீவனம் 100 பவுண்டு பருத்திச் சாக்கில் வரும். ஆலைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு சாக்குத் துணியில் பூவும் கட்டமும் அச்சடித்தார்கள். ஆலையின் பேர் மட்டும் கழுவினால் போகிற மாதிரி இருக்கும். ஒரு கவுனுக்கு மூன்று சாக்கு. மூன்றும் ஒரே டிசைனில் இருக்க வேண்டும். அதனால் புருஷன் தீவனம் வாங்கப் போகும்போது கையில் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து அனுப்புவார்கள், 'இதே பூ'. அவர் போனால், வேண்டிய பூ அடுக்கின் அடியில் இருக்கும், கடைப்பையன் பத்து மூட்டை புரட்ட மாட்டேன் என்பான். மேலே இருப்பதைத் தூக்கி வந்துவிடுவார். அப்புறம் வீட்டில் ராமாயணம்.

மாமியாரின் ஞாபகம் ஒன்று: சாக்கு வாயைச் சங்கிலித் தையல் போட்டிருப்பார்கள். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ர்ரென்று ஒரே இழுப்பில் மொத்தமும் பிரிந்து வரும், தப்பான நுனியைப் பிடித்தால் முடிச்சு விழும். சரியான நுனியை அம்மா பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவாராம். அந்த நூலையும் எறிய மாட்டார்கள், உருண்டை சுற்றி வைப்பார்கள்.

#4 சோளக்காட்டான்

அக்கா, கும்பிடு. நானானால் நகை, பூஜை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

#5 பழங்கஞ்சி (சான் ஹோசே)

இழை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள். அதுதான் பொற்காலம். ஒரு ஆள் சம்பாதித்தால் வீடு, கார், நாலு பிள்ளை, கோடையில் ஏரிக்கரை. பெண்கள் வெளியே போய்ச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது இரண்டு பேர் சம்பாதித்தும் மாசக் கடைசியில் கை கடிக்கிறது. மத்திய மேற்கில் அன்றைக்கு வாழ்ந்தவன் கொடுத்து வைத்தவன்.

#6 உறைபனி உமா (செயின்ட் பால், மினசோட்டா)

கஞ்சி சார், திங்கட்கிழமையை மட்டும் ஒரு தடவை வாழ்ந்து பார்த்துவிட்டு வந்து பொற்காலம் என்று சொல்லுங்கள்.

எங்கள் பகுதி முதியோர் மையத்தில் நான் தன்னார்வலராகப் போகிறேன். அங்கே துணி துவைத்த கதையை எடுத்தால் சாயங்காலம் வரைக்கும் ஓடும். திங்கள் துணி, செவ்வாய் இஸ்திரி என்பது எழுதாத சட்டம். திங்கட்கிழமை காலையில் யார் வீட்டுக் கொடியில் முதலில் வெள்ளை ஏறுகிறது என்று அக்கம்பக்கம் பார்க்கும்.

மெஷின் இருந்தது, சரி. ஆனால் நீங்கள் நினைக்கிற மெஷின் இல்லை. ஒரு தொட்டி, நடுவில் சுழற்றுகிற கை, மேலே கரும்பு மெஷின் மாதிரி இரண்டு உருளை. தண்ணீரை அடுப்பில் காய்ச்சி ஊற்ற வேண்டும். ஒரே தண்ணீரில் முதலில் வெள்ளை, அப்புறம் கலர், கடைசியில் வயல் ஓவரால். ஒவ்வொரு துணியையும் உருளைக்குள் விட்டுப் பிழிந்து, அலசும் தொட்டிக்கு மாற்றி, மறுபடி பிழிந்து, நீலத் தொட்டியில் போட்டு, மறுபடி பிழிந்து... ஆமாம், நீலம்! நம் வீட்டில் சொட்டு நீலம் போடுவோமே, அதேதான். இங்கே மினியாபொலிஸிலிருந்து 1883 முதலே மிஸஸ் ஸ்டூவர்ட்ஸ் என்ற நீலம் பாட்டிலில் வருகிறது. வெள்ளைச்சட்டைக்குக் கஞ்சியும் உண்டு.

அந்த உருளையில் விரல் மாட்டுவது சர்வசாதாரணம். கை முழங்கை வரை போய்விடும். டாக்டர்கள் அந்தக் காயத்துக்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

'எல்லாம் விறைத்துவிட்டது' என்று அந்த அம்மா எழுதியிருப்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். பூஜ்யத்துக்குக் கீழே ஃபாரன்ஹீட்டில், ஈரத் துணியைக் கொடியில் போட்டுக் கிளிப்பு மாட்டுவதற்குள் பலகை ஆகிவிடும். நீள உள்ளாடைகளைச் சாயங்காலம் கை கால் விரித்தபடியே தூக்கி வந்து சமையலறைச் சுவரில் சாய்த்து வைப்பார்களாம், வீட்டுக்குள் நாலு தலையில்லாத ஆள் நிற்கிற மாதிரி இருக்கும். ஆனாலும் பாதி ஈரம் போயிருக்கும். பனிக்கட்டி நேராக ஆவியாகும், இயற்பியல். மீதி உள்ளே அடுப்பு மேல் காயும். அந்தத் துணியின் வாசனை எந்த சோப்பிலும் வராது என்று ஒரு பாட்டி சொன்னார். இன்னொரு பாட்டி, 'வாசனை இருக்கட்டும், என் விரலைப் பார்' என்றார்.

செவ்வாய்க்கு முன்னால் ராத்திரி தண்ணீர் தெளிக்க வேண்டும். சோடா பாட்டில் வாயில் ஓட்டை போட்ட மூடியைச் செருகி, துணியெல்லாம் தெளித்து, இறுகச் சுருட்டி, கூடையில் அடுக்கி வைத்தால் காலையில் ஈரம் சமமாகப் பரவியிருக்கும். அப்படியே ஃப்ரிட்ஜுக்குள் வைப்பவர்களும் உண்டு. தலையணை உறைக்கும் இஸ்திரி, கைக்குட்டைக்கும் இஸ்திரி.

#7 தாத்தா_டெட்ராய்ட்

அந்த உருளைத் தொட்டி மெஷினுக்குப் பேர்போன ஊர் உங்கள் அயோவாவில் இருக்கிற நியூட்டன்தான். மேடாக் கம்பெனியின் தலைமையிடம் அப்போது அங்கேதான் இருந்தது. மின்சாரம் இல்லாத பண்ணைகளுக்காகப் பெட்ரோல் எஞ்சின் வைத்த மெஷினும் விற்றார்கள், ஸ்கூட்டர் மாதிரி காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். புகைக் குழாயை ஜன்னல் வழியே வெளியே விடுவார்கள். 1935இல் ரூஸ்வெல்ட் கிராம மின்மய நிர்வாகத்தைத் தொடங்கியபோது நாட்டின் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட். தனியார் கம்பெனிகள் மைலுக்கு இரண்டு வீட்டுக்காகக் கம்பி இழுக்க மாட்டோம் என்றார்கள். விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் வைத்து, அரசுக் கடன் வாங்கி, தாங்களே இழுத்துக்கொண்டார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பதாயிற்று. ஆனால் ஒரு விசித்திரம் பாருங்கள். கரண்ட் வந்தும் பல வீட்டில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. மெஷின் மின்சாரத்தில் ஓடும், அதற்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும், கழிப்பறை கொல்லையில்.

ரேடியோ என்று எழுதியிருக்கிறாரே, அது என்ன நிகழ்ச்சி என்று டைரியில் இருக்கிறதா?

#8 சோளக்காட்டான்

பல செவ்வாய்களில் 'ரேடியோ' மட்டும்தான். இரண்டு இடத்தில் 'க்ளாட்டர் ரெசிப்பி எழுதினேன்' என்று இருக்கிறது.

#9 தாத்தா_டெட்ராய்ட்

கிச்சன் க்ளாட்டர் என்ற ரேடியோ நிகழ்ச்சி! அயோவாவின் தென்மேற்கு மூலையில் ஷெனண்டோவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே விதை விற்கிற இரண்டு பேர் ஆளுக்கொரு ரேடியோ நிலையம் வைத்துப் போட்டி போட்டார்கள். அதில் ஒருவரின் தங்கை லீயானா ட்ரிஃப்ட்மயர் 1926இல் பேச ஆரம்பித்தார். சமையல் குறிப்பு, பிள்ளைகளின் சளி, ஜன்னல் திரை, தன் வீட்டுச் சமாசாரம். கேட்பவர்கள் பென்சிலோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் அளவுகளை நிறுத்தி நிறுத்திச் சொல்வார்களாம். அடுத்த வீடு அரை மைல் தள்ளி இருக்கிற இடத்தில் இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்குரல் பேசுகிறது என்றால் அது சின்ன விஷயமில்லை.

#10 பழங்கஞ்சி

வேலை கடினம் என்று சொன்னீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் சொன்னது வேறு. *வருமானம்* ஆண் ஒருவரிடமிருந்து. குடும்பம் அதில் ஓடிற்று. அதுதானே உண்மை?

#11 சோளக்காட்டான்

அதைத்தான் நேற்று ராத்திரி உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன் சார். ஜனவரி முதல் மார்ச் வரை, 13 வாரம், சனிக்கிழமைக் கணக்குகள் மட்டும்.

முட்டை: 231 டாலர் 35 சென்ட்.
க்ரீம்: 74 டாலர் 40 சென்ட்.
மளிகை, மண்ணெண்ணெய், பூட்ஸ் ஒரு ஜோடி, பல் டாக்டர், சர்ச் காணிக்கை எல்லாம் சேர்த்து: 268 டாலர் 10 சென்ட்.

அந்த மூன்று மாசத்தில் சோளமோ பன்றியோ விற்ற பணம் வீட்டுக்குள் வந்ததாக ஒரு வரி இல்லை. பிப்ரவரியில் பன்றி விற்றிருக்கிறார்கள், அதற்கு எதிரே 'பேங்க்' என்று ஒரே வார்த்தை. டிராக்டர் கடன் என்று நினைக்கிறேன். வீடு ஓடியது முட்டையில்.

#12 கரண்டிக்காரி

'முட்டைக் காசு'! இங்கே அது ஒரு தனிச் சொல். மாமியாரின் அம்மாவுக்கும் உண்டு. கோழி அம்மா பொறுப்பு. வசந்தத்தில் குஞ்சுப் பெட்டி தபாலில் வரும், தபால் ஆபீஸ் முழுக்கக் கீச் கீச். அடைகாப்புக் கூண்டில் விளக்குப் போட்டு ராத்திரியில் இரண்டு தடவை எழுந்து பார்க்க வேண்டும். முட்டை பொறுக்குவது பிள்ளைகள். சப்பருக்குப் பிறகு எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து துடைப்பார்கள், கழுவினால் கெட்டுப்போகும் என்பதால் ஈரத்துணியும் உப்புத்தாளும்தான். ஒரு மரப்பெட்டிக்கு 30 டஜன். உங்கள் 60 டஜன் என்பது இரண்டு பெட்டி, கணக்குச் சரி.

சனிக்கிழமை ராத்திரிதான் டவுன். கடைகள் ஒன்பது பத்து மணி வரை திறந்திருக்கும். முதலில் முட்டையைக் கொடுப்பார்கள், அங்கே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தரம் பார்த்துச் சீட்டுக் கொடுப்பார்கள், அந்தச் சீட்டோடு மளிகை. ஆண்கள் விதை, மழை என்று நடைபாதையில் நிற்பார்கள், பெண்கள் காரில் உட்கார்ந்து போவோர் வருவோரைப் பார்ப்பார்கள். பிள்ளைகளுக்கு பத்து சென்ட்.

#13 பழங்கஞ்சி

அந்தக் கோழி தின்ற சோளம் யார் விளைவித்தது? புருஷன் நிலத்தில் விளைந்த சோளத்தைக் கணக்கில் காட்டாமல் முட்டையை மட்டும் வரவு வைத்தால் எந்தக் கம்பெனியும் லாபத்தில்தான் ஓடும். நான் கணக்காயர். இப்படிப்பட்ட கணக்கோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

#14 சோளக்காட்டான்

நியாயமான கேள்வி. திரும்பப் போய்ப் பார்த்தேன். முட்டையிடும் கோழிக்கான தீவனமும் கிளிஞ்சல் தூளும் அந்த அம்மா தன் முட்டைக் காசில் வாங்கியிருக்கிறார், மேலே நான் கழிக்கவில்லை. 13 வாரத்தில் 41 டாலர். சோளம் பண்ணைக் குதிரிலிருந்து, அதற்கு விலை போடவில்லை. அதனால் சுத்த லாபம் நான் காட்டியதைவிடக் குறைவு. அதே சமயம் ஜூலை 23 அன்று 11 பேருக்கு டின்னர் போட்டது ஓட்ஸ் அறுவடைக்கு. அதையும் யாரும் விலை போடவில்லை.

#15 பழங்கஞ்சி

சரி. அந்தப் பாயிண்ட் உங்களுக்கு.

#16 சிகாகோ செல்வம்

பொற்காலம் பற்றி நானும் கொஞ்சம். மத்திய மேற்கு என்றதும் எல்லோரும் சோளக்காட்டையே பார்க்கிறீர்கள். அதே 1952இல் சிகாகோவின் தெற்குப் பக்கம் வாருங்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த கறுப்பினக் குடும்பங்கள். ஆறு அறை ஃப்ளாட்டை வீட்டுக்காரர் தடுப்புப் போட்டு ஆறு 'கிச்சனெட்' ஆக்கி விடுவார். ஒரு அறை, ஒரு சின்ன அடுப்பு, கழிப்பறை தாழ்வாரத்தில் எல்லோருக்கும் பொது. அதற்குக் கேட்ட வாடகையும் அநியாயம். வேறு இடத்துக்கும் போக முடியாது, 'வெள்ளையரல்லாதவருக்கு விற்க மாட்டோம்' என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும். செயின்ட் லூயிஸில் ஒரு வீட்டை வைத்து வந்த வழக்கில், அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சொல்லி என்ன? 1951 ஜூலையில் சிகாகோவை ஒட்டிய சிசரோவில் ஒரு கறுப்பினக் குடும்பம் வாடகைக்குக் குடி வந்தது. புருஷன் பஸ் ஓட்டுபவர், உலகப் போரில் போய் வந்தவர். ஆயிரக்கணக்கில் கூடி, சாமான்களை ஜன்னல் வழியே எறிந்து கொளுத்தினார்கள். பிள்ளைகளின் பியானோவையும் விடவில்லை. தேசியக் காவல் படையை இறக்க வேண்டியிருந்தது.

அந்தக் குடும்பங்களில் பெண்கள் சம்பாதிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுத்த வீட்டுத் திங்கட்கிழமைத் துணியைத் துவைத்ததே பல இடங்களில் அவர்கள்தான்.

#17 மிசிசிப்பிக்கரை

நம்மவர்கள் யாராவது அப்போது இந்தப் பக்கம் இருந்தார்களா?

#18 தாத்தா_டெட்ராய்ட்

விரல் விட்டு எண்ணலாம். இயற்பியலாளர் சந்திரசேகர் 1937லேயே விஸ்கான்சினில் வில்லியம்ஸ் பே என்ற ஏரிக்கரைச் சிற்றூருக்கு வந்துவிட்டார், யெர்க்ஸ் வானாய்வகம் அங்கேதான். மனைவி லலிதாவோடு அந்தக் குக்கிராமத்தில் 1964 வரை குடித்தனம். எம்.எஸ். சுவாமிநாதன் ஐம்பதுகளின் தொடக்கத்தில் மேடிசனில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி. அந்தக் குளிரில் ரசத்துக்குப் புளி எங்கே கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

விஸ்கான்சின் என்றதும் ஞாபகம் வருகிறது. பால் மாநிலம் என்பதால் வெண்ணெய்க்குப் போட்டியான மார்ஜரின் (செயற்கை வெண்ணெய்) மஞ்சள் நிறத்தில் விற்பது அங்கே 1967 வரை சட்ட விரோதம். வெள்ளையாகத்தான் விற்கலாம். ஜனங்கள் காரெடுத்து இல்லினாய் எல்லைக்குப் போய்ப் பெட்டி பெட்டியாக மஞ்சள் மார்ஜரின் கடத்தி வந்தார்கள். நம் ஊரில் எல்லை தாண்டிப் போவது வேறு சரக்குக்கு.

#19 நெறியாளர்

தாத்தா, இழை டைரி பற்றியது. சிரித்துவிட்டேன், இருந்தாலும்.

#20 உறைபனி உமா

ஆகஸ்ட் வரியை யாரும் தொடவில்லை. அது போலியோ.

1952தான் அமெரிக்காவில் மிக மோசமான வருஷம். ஏறக்குறைய 58,000 பேருக்கு வந்தது, 3,000க்கு மேல் இறந்தார்கள். கோடையில் பரவும், எப்படி என்று பெற்றோருக்குத் தெரியாது. அதனால் நீச்சல் குளம், சினிமா, கண்காட்சி எல்லாம் தடை. வருஷம் முழுக்க வளர்த்த கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டிச் சீவி மாவட்டக் கண்காட்சிக்குத் தயாராக வைத்திருக்கும் பிள்ளையிடம் 'போக வேண்டாம்' என்றால் அழாமல் என்ன செய்யும்?

எங்கள் மினியாபொலிஸில் 1942 முதல் எலிசபெத் கென்னி என்ற ஆஸ்திரேலியத் தாதியின் சிகிச்சை நிலையம் இருந்தது. மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் படுக்க வைக்காதே, கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து ஒத்தடம் கொடு, தசையை அசைத்துப் பழக்கு என்றார். முதியோர் மையத்தில் ஒரு ஐயா இருக்கிறார். ஏழு வயதில் அந்த ஒத்தடம். அவருக்கு இன்றைக்கும் ஈரக் கம்பளி நாற்றம் ஆகாது. மழையில் நனைந்த கோட்டோடு யாராவது உள்ளே வந்தால் எழுந்து வேறு மேஜைக்குப் போய்விடுவார். நான் முதலில் என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

#21 தாத்தா_டெட்ராய்ட்

சால்க் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தது எங்கள் மிச்சிகனில், ஆன் ஆர்பரில், 1955 ஏப்ரல் 12. ஊர் ஊராகச் சர்ச் மணி அடித்தார்களாம். மேற்கொண்டு சொல்ல ஆரம்பித்தால் நெறியாளர் வருவார்.

#22 கரண்டிக்காரி

டைரிக்காரம்மா அதே ஆகஸ்டில் என்ன 'கான்' செய்தார், அதாவது ஜாடியில் அடைத்துப் பதப்படுத்தினார் அண்ணா? பீன்ஸ், தக்காளி கணக்கு இருக்குமே. இந்தியானாவின் மன்சியில் 'பால்' (Ball) என்ற கம்பெனி செய்த கண்ணாடி ஜாடிகள்தான் ஊர் முழுக்க. அழுத்தப் பாத்திரத்தில் வேகவைத்து எடுத்து மேஜையில் துணி மேல் அடுக்கிவிட்டு, ராத்திரி படுக்கையில் எண்ணுவாராம் மாமியாரின் அம்மா. ஆற ஆற மூடி உள்வாங்கி 'டிங்' என்று ஒரு சத்தம். பதினாலு ஜாடி வைத்தால் பதினாலு டிங் கேட்டுவிட்டுத்தான் தூக்கம். ஒன்று குறைந்தால் மறுநாள் டின்னருக்கு அந்த பீன்ஸ்.

#23 சோளக்காட்டான்

ஆகஸ்ட் மட்டும் பீன்ஸ் 63 குவார்ட், தக்காளி 80. 'ஒன்று மூடவில்லை' என்று ஒரு வரி இருக்கிறது! இப்போதுதான் புரிகிறது.

#24 பழங்கஞ்சி

ஒரு யோசனை. 1950 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை 72 வருஷம் கழித்து 2022 ஏப்ரல் 1 அன்று திறந்துவிட்டார்கள். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கையெழுத்துப் படிவத்தின் படமே இருக்கிறது. உங்கள் அம்மாவின் வீட்டைத் தேடுங்கள். 14 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் 'போன வாரம் பெரும்பாலும் என்ன செய்தார்' என்று ஒரு கட்டம் உண்டு. கணக்காயருக்குக் கட்டம்தான் சாட்சி.

#25 சோளக்காட்டான்

மூன்று ராத்திரி ஆயிற்று. கிடைத்துவிட்டது. பெயரில் எழுத்துப்பிழை, அதனால்தான் தேடலில் வரவில்லை. டவுன்ஷிப் வாரியாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். 1950 ஏப்ரல்.

புருஷன்: வேலை. வாரம் 70 மணி நேரம். தொழில் விவசாயி.
கூலியாள், வயது 19, அங்கேயே தங்கியவர்: வேலை. 60 மணி நேரம்.
அந்த அம்மா, வயது 34: 'வீடு பார்த்துக்கொள்கிறார்', அதாவது ஒரு எழுத்து. ஆங்கில எச்.

அடுத்த கட்டத்தில் இன்னொரு கேள்வி. வீட்டு வேலை தவிர்த்து ஏதாவது வேலை செய்தாரா, பண்ணையிலோ சம்பளமில்லாக் குடும்ப வேலையோ இருந்தாலும் சேர்த்துக்கொள்ளவும் என்று தெளிவாகவே கேட்டிருக்கிறார்கள். பதில்: இல்லை. மணி நேரம்: வெறுமை.

அதே தாளில் இருக்கிற எல்லா மனைவியரையும் பார்த்தேன். எல்லோரும் அதே எழுத்து. ஒருவர் மட்டும் வேலை, பள்ளி ஆசிரியை.

#26 சிகாகோ செல்வம்

எழுதியவர் ஆணாக இருந்திருப்பார், கேட்காமலே போட்டிருப்பார்.

#27 சோளக்காட்டான்

தாளின் மேலே கையெழுத்து இருக்கிறது. கணக்கெடுத்தவர் ஒரு பெண்.

#28 கரண்டிக்காரி

இதையும் மாமியாரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: 'பகலில் வந்திருப்பாள். அவர் வயலில் இருந்திருப்பார். கதவைத் திறந்து பதில் சொன்னது அவளேதான். இல்லை என்று அவளே சொல்லியிருப்பாள். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். காபியும் கொடுத்து அனுப்பியிருப்பாள்.'

கோழியெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஐம்பதுகளின் கடைசியில் பெரிய கோழிப் பண்ணைகள் வந்து முட்டை விலை விழுந்ததாம், சின்னக் கடைகள் முட்டை எடுப்பதை நிறுத்திவிட்டன. அவர் அம்மா டவுனில் ஒரு பள்ளிச் சமையலறைக்கு வேலைக்குப் போனார். 'அப்போதுதான் எல்லோரும் கேட்டார்கள், ஏன் வேலைக்குப் போகிறாய், பணக்கஷ்டமா என்று.'

#29 பழங்கஞ்சி

சோளக்காட்டான், டைரியின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

#30 சோளக்காட்டான்

டிச. 31, புதன்: பனி. கோழி 212. முட்டை 7 டஜன். புது டைரி தரவில்லை, கேட்க வேண்டும்.